சேதி சொல்ல ஓர் ஊர்

உலகக் குடிமகன் என்று சான்று கேட்டு என் மேசைக்கு ஒருவரும் வந்ததில்லை. முப்பத்து நான்கு வருடம் வருவாய்த் துறையில் இருந்தேன். இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வருமானம், வாரிசு, முதல் பட்டதாரி, மறுமணம் செய்துகொள்ளவில்லை என்பது வரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கே சான்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறை கருவூலத்தில் போய் நின்று நாமே அதை நிரூபித்துவிட்டு வருகிறோம். ஆனால் மேற்படியார் இவ்வுலகத்தைச் சேர்ந்தவர் என்று கையெழுத்துப் போட எந்த அரசாணையும் எனக்கு அதிகாரம் தரவில்லை.

இப்போது இதை ஏன் எடுக்கிறேன் என்று உங்களில் பலருக்குத் தெரியும். நம் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு நண்பர் எழுதியிருந்தார். அமெரிக்காவில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்ததில் அவருக்குக் கண் திறந்துவிட்டதாம். இனி அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை, உலகக் குடிமகன். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடுகள், பூங்கொத்துகள். மறுநாள் இன்னொரு நண்பர், பிறந்த மண்ணை மறந்தவன் மனிதனா என்று எழுதினார். அதற்கும் அதே ஆட்கள் அதே கும்பிடு போட்டார்கள். நான் ஒன்றும் எழுதவில்லை. கட்டைவிரலால் எழுதினால் எனக்குக் கோர்வை வராது. அதனால் தாளில் எழுதுகிறேன். என் வயதுக்காரர்களான உங்களுக்கு மைப்புட்டி என்றால் என்ன, கார்பன் தாள் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை என்பது ஒரு சௌகரியம்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருடம். ஆவணியில் தொடங்கி ஐப்பசியில் முடிந்த விஷயம்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம். கீழே நாங்கள். மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட இரண்டு அறைகள். ஜன்னலைத் திறந்தால் மலை மட்டும்தான் தெரியும். இந்த மலையைப் பார்க்கக் கப்பலேறியும் விமானமேறியும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா லாரி ஓட்டினார். மாதத்தில் இருபது நாள் நாக்பூர், பம்பாய், கல்கத்தா என்று இருப்பார். ஆகவே அறைகளை வாடகைக்கு விடும் நிர்வாகம் முழுக்க அம்மாவுடையது. அம்மா வேலூருக்கு வடக்கேயோ விழுப்புரத்துக்குக் கிழக்கேயோ போனதில்லை.

வாடகை பேசும் முன் அம்மா மூன்று கேள்விகள் கேட்பாள். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"இன்னா ஊருன்னு கேளு."

கேட்பேன்.

"குலதெய்வம் எதுன்னு கேளு."

அதை எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தில் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். 'உங்கள் குடும்பத்துக் கடவுள் எந்த ஊரில் இருக்கிறார்?' என்று கேட்டு வைப்பேன். ஒரு வெள்ளைக்காரர் வெகுநேரம் யோசித்துவிட்டு, தன் ஊர்க் கால்பந்துக் குழுவின் பெயரைச் சொன்னார். அம்மா அதையும் சாமியாகவே எடுத்துக்கொண்டு, "வருஷா வருஷம் போய்ப் பாக்கறாரா?" என்றாள். தவறாமல் போவதாக அவர் சொன்னார். அறை கிடைத்தது.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். "ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குச் சேதி சொல்றதுன்னு கேளு."

மரணத்தைப் பற்றி விசாரிக்க இவ்வளவு தூரம் வந்தவர்கள் அவர்கள். இருந்தும் வாசற்படியிலேயே ஒரு பெண்பிள்ளை அதைக் கேட்டவுடன் எல்லோருக்கும் முகம் மாறும். ஆனால் பதில் சொல்வார்கள். அக்காள், அண்ணன், முன்னாள் மனைவி என்று யாராவது இருப்பார்கள். அந்த விலாசத்தை அடுப்படியில் தொங்கும் நாள்காட்டியின் பின்பக்கத்தில் நான் எழுதி வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் வாடகை, தண்ணீர், மாடிப்படியில் செருப்பு எல்லாம்.

இதற்கு மேல் அரசாங்கத்துக் கேள்விகள் தனி. வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஒரு படிவம் நிரப்பிக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். சி ஃபாரம் என்பார்கள். பெயர், நாடு, பாஸ்போர்ட் எண், எங்கிருந்து வந்தார், எங்கே போகிறார். அப்போது நாம் வட ஆற்காடு மாவட்டம், தலைநகரம் வேலூர். ஆகவே என் கையெழுத்து இங்கிருந்து வேலூருக்குப் போனது. நான் போகும் முன்பே என் எழுத்து எஸ்.பி. அலுவலகம் போனதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சமில்லை. மூன்று பிரதிக்குக் கார்பன் வைத்து, பேனாவில் எழுதினால் அடியில் விழாது என்பதால் பென்சிலை அழுத்தி எழுதுவேன். கட்டைவிரலில் அந்தக் கறுப்பு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலுக்குத்தான் போகும்.

மாடியம்மா வந்தது ஆவணிக் கடைசியில். மாடியில் தங்கியதால் எங்களுக்கு அவர் மாடியம்மா. ஐம்பதை நெருங்கிய வயது, ஒரு கறுப்புக் குடை, ஒரு சாக்குப் பை. ஏற்கனவே இரண்டு வருடம் பாண்டிச்சேரிப் பக்கம் இருந்ததால் தமிழ் பேசினார். புத்தகத்தில் அச்சடித்த மாதிரி ஒரு தமிழ். எனக்கு வேலை இல்லாமல் போயிற்று. அம்மாவே நேரடியாகக் கேட்டாள்.

"இன்னா ஊரும்மா?"

"எனக்கு ஊர் இல்லை. எல்லா ஊரும் என் ஊர்."

"பொறந்த ஊரு ஒண்ணு இருக்கும் இல்ல?"

"இந்த உலகத்தில் பிறந்தேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். மூன்றாவது கேள்விக்குத் தாவினாள். "உங்களுக்கு ஏதாச்சும் ஆனா யாருக்குச் சேதி சொல்றது?"

"யாருக்கும் வேண்டாம். இந்த மலைக்குத் தெரியும்."

இந்தப் பதிலுக்கு அறை கிடைக்காது என்றுதான் நினைத்தேன். அம்மா உள்ளே வந்து என் காதருகே சொன்னாள்: "புருஷன் வூட்ல தொரத்திட்டாங்க பாப்பா. நல்லா வாழ்றவ எவளாச்சும் எனக்கு ஊரே இல்லன்னு சொல்லுவாளா? பாவம், இருந்துட்டுப் போட்டும்."

அம்மாவின் கணிப்பு முழுத் தவறு. அவருக்குக் கணவர் என்று ஒருவர் இருந்ததே இல்லை. தவறான காரணத்துக்காக அம்மா சரியான காரியத்தைச் செய்தாள். என் துறையில் இதற்கு நேர்மாறானதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

படிவத்தில் நாடு என்ற கட்டம் வந்ததும் மாடியம்மாவிடம் போனேன். "உலகம் என்று எழுது," என்றார். பாஸ்போர்ட் எண் கேட்டேன். "அது ஒரு வேலிக்குக் கொடுத்த எண். மனிதருக்கு எண் வேண்டாம்." எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. உலகம் என்பதை ஆங்கிலத்தில், தனித்தனியாக, பெரிய எழுத்தில் எழுதினேன். அதற்கு முன்போ பின்போ அத்தனை அழகான எழுத்து எனக்கு அமையவில்லை. எண் கட்டத்தைக் காலியாக விட்டேன்.

அவருக்கும் அம்மாவுக்கும் நன்றாக ஒத்துப்போனது. சாயங்காலம் படியில் உட்கார்ந்து அம்மா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரிப்பாள், அவரும் உரிப்பார். மலையைச் சுற்றி வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து, அடி அண்ணாமலையில் யார் வீட்டுக் களத்தில் என்ன காய்கிறது என்று சொல்வார். எல்லைகள் எல்லாம் மனிதர் போட்ட கோடு, பறவைக்கு அது தெரியுமா என்பார். அம்மா ஒத்துக்கொண்டு உம் கொட்டுவாள். ஒரு நாள் அடுத்த வீட்டு ஆடு சுவர் இடிந்த இடத்தில் புகுந்து, கொடியில் காய்ந்த அவருடைய கதர்ச் சட்டையைக் கழுத்திலிருந்து பாதி முதுகு வரை தின்றுவிட்டது. மாடியம்மா குடையோடு இறங்கி ஓடிவந்தார்.

"இது யாருடைய ஆடு? யாருடைய ஆடு இது?"

அம்மா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "உலகத்து ஆடுதாம்மா. அதுக்குக் கோடு தெரியாது."

மாடியம்மா குடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம் அவரே சுவரின் அந்த ஓட்டையில் முள் வெட்டி அடைத்தார். வேலி நன்றாகவே கட்டினார்.

புரட்டாசியில் படிவம் திரும்பி வந்தது. கொண்டுவந்தவர் தனிப்பிரிவு ஏட்டு. வெளியூர் ஆட்களைப் பற்றிய தகவல் சேகரிப்பது அவர் வேலை. அவருடைய சைக்கிளின் கிறீச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே அம்மா, "வந்துட்டாரு காபிக்கு," என்பாள். மிரட்டிப் பிழைக்கிற ஆள் என்றுதான் தெருவே நினைத்தது.

"எழுத்து முத்து முத்தா கீது பாப்பா," என்றார் ஏட்டு. "ஆனா வேலூர்ல இத வெச்சினு சாமி ஆடிட்டாங்க."

என் உலகத்தைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. காலிக் கட்டத்தில் இன்னொரு கேள்விக்குறி. எனக்கு அவமானத்தில் காது எரிந்தது.

"அந்தம்மா பாஸ்போர்ட்ட நான் கண்ணால பாக்கணும்மா," என்றார் அம்மாவிடம். "ஒரு வாரம் டயம் வாங்கிக் குடுக்கறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

மாடியம்மாவிடம் சொன்னோம். அவர் கோபப்படவில்லை. முகத்தில் ஒரு பிரகாசம்தான் வந்தது. "வரட்டும். என்னைச் சிறையில் வைக்கட்டும். ஒரு காகிதம் இல்லாமல் மனிதர் இருக்கலாம் என்று நான் சொல்வேன்." அம்மா, "சிறையில எல்லாம் உங்களுக்குச் சாப்பாடு ஒத்துக்காதும்மா," என்றதோடு சரி.

இரண்டு நாள் கழித்து விடிகாலை. பின்பக்கம் வெந்நீர் அடுப்பு மூட்டுவது என் வேலை. பெரிய செம்புத் தவலை, கழுத்துவரை கரி. மல்லாட்டைத் தொலியைக் குவித்துப் பற்றவைத்தால் முதலில் புகை, அப்புறம் திடீரென்று மஞ்சளாக ஒரு தீ, வறுத்த வாசனை. அந்தத் தவலை பின்னாளில் பித்தளைக்காரரிடம் எடைக்குப் போனது. மாடியம்மா இறங்கிவந்து ஒரு கத்தைப் பழைய காகிதத்தை என் பக்கத்தில் வைத்தார். அதன் மேல் ஒரு சின்னச் சிவப்புப் புத்தகம்.

"இதையும் அடுப்பில் போடு," என்றார். போட்டேனா என்று பார்க்கவில்லை. திரும்பி, படியேறிப் போய்விட்டார்.

நான் பிரித்துப் பார்த்தேன். உள்ளே அவர் படம், பத்து வயது குறைவாக. காகிதங்களை அடுப்பில் போட்டேன். புத்தகத்தைப் போட முடியவில்லை. எங்கள் வீட்டில் எழுத்துள்ள தாள் காலில் பட்டாலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். கட்டுப்போட்ட புத்தகத்தை எரிப்பது என்றால் அந்த வருடம் எனக்குக் கணக்கு வராது. ஏற்கனவே வராது. பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு போய் என் பள்ளிப் புத்தகங்களுக்கு நடுவே வைத்தேன்.

பெரியவர் சொன்னதைக் கேட்கவில்லை என்ற பயம் ஐந்து நாள் என்னை விடவில்லை. இப்போது, அவருடைய அன்றைய வயதைக் கடந்துவிட்ட பிறகு, எனக்கு ஒன்று தோன்றுகிறது. நிஜமாகவே எரிக்க நினைக்கிறவர் தானே நின்று எரிப்பார், பிள்ளை கையில் கொடுத்துவிட்டு முதுகைக் காட்ட மாட்டார்.

ஐந்தாம் நாள் ஆயுத பூஜை. அப்பா லாரியோடு வந்திருந்தார். வண்டியைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சை வைத்து, வீட்டுக்குள் அம்மா பலகை போட்டாள். அப்பாவின் ஸ்பானர்கள், அம்மாவின் அரிவாள்மணை, என் புத்தகங்கள் எல்லாம் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டுக் கற்பூரம் காட்டியாயிற்று. முறை உங்களுக்குத் தெரியும். வைத்ததை அன்றைக்குத் தொடக்கூடாது. படிக்கக்கூடாது என்பதால் பிள்ளைகளுக்கு வருடத்திலேயே பிடித்த பூஜை. மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்துதான் எடுக்க வேண்டும், எடுத்தவுடன் அவரவர் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

பொரி இன்னும் பிரிக்கவில்லை. சைக்கிள் சத்தம் கேட்டது. ஏட்டு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

"நல்ல நாள்ல வந்துட்டேன், மன்னிச்சுக்கணும். வேலூர்லேர்ந்து மெமோ வந்துட்ச்சு. நாளைக்குள்ள பாஸ்போர்ட்ட பாத்து நம்பர அனுப்பணும். இல்லன்னா கேசு."

பேச்சுக் கேட்டு மாடியம்மா இறங்கிவந்தார். தலை வாரி, வெள்ளைப் புடவை கட்டி, ஏதோ விழாவுக்குத் தயாரானவர் போல. ஏட்டின் முன்னால் இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

"என்னை அழைத்துப் போங்கள்."

ஏட்டு அந்தக் கைகளைப் பார்த்துக் கூச்சப்பட்டார். "உங்களுக்கு இல்லீங்கம்மா. கேசு இவங்க மேல." அம்மாவைக் காட்டினார்.

"இல்லை. குற்றம் என்னுடையது. அவர் என்ன செய்தார்?"

"வூடு குடுத்தாங்க."

மாடியம்மா நம்பவில்லை. பயமுறுத்துகிறார் என்றே நினைத்தார். அப்போது நான் உள்ளே போய், எழுதாமல் மிச்சமிருந்த ஒரு சி ஃபாரத்தை எடுத்து வந்து திருப்பினேன். முன்பக்கத்தை எல்லோரும் பார்ப்பார்கள். பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி அச்சில் விதிகள் இருக்கும். திருவண்ணாமலையில் அதைப் படித்திருந்த ஒரே ஆள் நான்தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன். பிற்காலத்தில் என் கீழ் வேலை பார்த்தவர்களுக்கு நான் சொன்ன ஒரே புத்திமதியும் அதுதான்: படிவத்தைத் திருப்பிப் பாருங்கள். பெயர் எழுதிய பக்கத்தில் அரசாங்கம் கேட்கும், பின்பக்கத்தில்தான் பேசும்.

ஆங்கிலத்தில் வாய்விட்டுப் படித்தேன். தங்க இடம் கொடுப்பவர், சரியான தகவல் தரத் தவறினால், சிறைத்தண்டனை அல்லது அபராதம். தங்க வந்தவரைப் பற்றி அந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை.

"இன்னா சொல்லுது?" என்றாள் அம்மா.

"உன்னத்தான் புடிப்பாங்களாம்."

"என்னியா?" என்று கேட்டுவிட்டு, குங்குமம் ஒட்டிய விரலைப் புடவையில் துடைத்தாள்.

அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். "பதினஞ்சு வருஷமா எத்தினி செக்போஸ்ட்டு தாண்டறேன், சார். எனக்கு ஒரு கேசு கெடயாது. வூட்ட வுட்டு நவுறாதவ மேல கேசா?"

யாரும் சிரிக்கவில்லை. நான் மாடியம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிரகாசம் போய்விட்டது. தன் கொள்கைக்குத் தானே விலை கொடுப்பதாக அவர் நினைத்திருந்தார். அதற்கான சீட்டு கீழ்வீட்டுப் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது.

"எனக்குத் தெரியாது," என்றார் அம்மாவிடம். "தெரியாது அம்மா." அப்புறம் ஏட்டிடம்: "நான் நாட்டின் பெயர் சொல்கிறேன். எண் நினைவில் இல்லை. புத்தகம் எரிந்துவிட்டது."

என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எரிக்கல," என்றேன். "எழுத்து இருக்கற புஸ்தகத்த எரிக்கக் கூடாது. அதோ கீது."

பூஜைப் பலகையில், என் வரலாற்றுப் புத்தகத்துக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில், சிவப்பாக ஒரு விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. அடுக்கும்போது கட்டோடு எடுத்து வைத்ததில் அம்மாவே அதற்கும் சேர்த்துச் சந்தனம் வைத்திருந்தாள்.

மாடியம்மா ஒரே எட்டில் போய்க் கையை நீட்டினார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"தொடாதம்மா. நாளைக்கு."

"அம்மா, போலீஸ்..."

"போலீசுக்கும் நாளைக்குத்தான்."

அப்பா சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். "எடுத்துக் காட்டிரலாமா, சார்?" என்றார் மெதுவாக.

ஏட்டு பலகை முன்னால் குந்தி உட்கார்ந்தார். தலையைச் சாய்த்து, தொடாமல், ஒரு கண்ணை மூடி அந்த விளிம்பைப் பார்த்தார். "கீது. நான் கண்ணால பாத்துட்டேன்," என்று எழுந்தார். "பூஜையில வெச்சத எடுக்கச் சொன்னா எனக்கு சோறு கெடைக்குமா? ஸ்டேஷன்ல என் லட்டியே பொட்டு வெச்சினு படுத்துனு கீது. கேசு எழுதற பேனாவும் அங்கதான். இன்னிக்கு எவனும் எவன் மேலயும் கேசு எழுத முடியாது. காலைல வரேன்." பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அன்று மாலை முழுதும் மாடியம்மா அந்தப் பலகை முன்னாலேயே இருந்தார். வேண்டாம் என்று அவர் எரிக்கக் கொடுத்த நாடு ஒரு முழம் தூரத்தில், பூவுக்கு அடியில் இருந்தது. அதைத் தொட அனுமதி இல்லை.

காலையில் பால் பொங்கியதும் மறுபூஜை. ஏட்டு சொன்னபடி வந்து ஓரமாக நின்றார். நான் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரு பக்கம் படித்தேன். அப்பா லாரி உரிமத்தை எடுத்துப் படித்தார். வழக்கமாக அதுதான் அவர் புத்தகம். அம்மா சிவப்புப் புத்தகத்தை எடுத்து மாடியம்மாவிடம் நீட்டினாள்.

"படிம்மா."

"இதில் படிக்க ஒன்றும் இல்லை."

"இன்னா இருக்குதோ அதப் படி. வெச்சா படிக்கணும்."

மாடியம்மா திறந்தார். சந்தனம் அட்டையோடு உள்பக்கம் வரை கசிந்திருந்தது. முதலில் மெல்ல, பிறகு தெளிவாகத் தமிழில் சொல்லிச் சொல்லிப் படித்தார். நாடு, நார்வே. பெயர். கண் நீலம். பிறந்த ஊர் என்ற இடத்தில் நின்றுவிட்டார். பிறகு அந்தப் பெயரைச் சொன்னார். அவர் வாயில் மற்ற எல்லா வார்த்தையும் அச்சடித்த மாதிரி வரும். அந்த ஒரு வார்த்தை மட்டும், அம்மா பேசுவதைப் போல, தானாக வந்தது.

"அந்த ஊர்ல இன்னா கீது?" என்றாள் அம்மா.

"கடல். மீன் காயவைக்கும் மரச்சட்டங்கள்." பக்கத்தில் ஒட்டிய சந்தனத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே, "என் அப்பா. எங்களுக்குள் பேச்சு இல்லை."

"அப்பா இருக்கறாரு இல்ல? அப்ப ஊரு இருக்குது," என்றாள் அம்மா. வழக்கு முடிந்த மாதிரி திரும்பிப் பால் பாத்திரத்தை இறக்கினாள்.

ஏட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். நான் புதுப் படிவம் எழுதினேன். நாடு என்ற கட்டத்தில் நார்வே என்று எழுதியபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. உலகம் என்பதன் எழுத்து இன்னும் அழகாக அமைந்திருந்தது.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போது மாடியம்மா புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்து நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியவர் என்று சில கோடுகள், ஒன்றும் எழுதாமல். என் பள்ளிக்கூடப் பேனாவைக் கேட்டார். அம்மாவின் பெயரை எழுத்தெழுத்தாக என்னிடம் கேட்டு எழுதினார். கதவு எண், செங்கம் சாலை, திருவண்ணாமலை. உறவு என்ற கோட்டில் பேனா நின்றது.

"அம்மா, நீங்கள் எனக்கு என்ன என்று எழுதட்டும்?"

அம்மாவுக்கு அது இன்னொரு சர்க்கார் படிவம். "வூட்டுக்காரம்மான்னு எழுது. வேற இன்னா?"

அப்படியே எழுதினார்.

அந்த ஏட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் கழித்து ஒரு பழைய கோப்பைத் தேடப் போனபோது, அந்தக் கால வேலூர்க் கடிதப் போக்குவரத்து என் கண்ணில் பட்டது. முதல் மெமோ வந்த தேதிக்கும் அவர் எங்கள் வீட்டுக்கு வந்த தேதிக்கும் நடுவே முழுதாகப் பத்தொன்பது நாள். இரண்டு முறை 'விசாரணை நடந்து வருகிறது' என்று பதில் எழுதித் தள்ளிப்போட்டிருக்கிறார். நாங்கள் அவருக்குக் கொடுத்தது காபியும் ஏச்சும்.

மாடியம்மா மேலும் மூன்று வருடம் இருந்தார். ஐப்பசியிலேயே அவருடைய அப்பாவுக்கு ஒரு கடிதம் போயிற்று. கார்த்திகைக்குள் பதிலும் வந்தது. தபால்தலையில் கப்பல். அந்தத் தபால்தலை வெகு நாள் என்னிடம் இருந்தது, வீடு மாற்றியதில் தொலைந்துவிட்டது. அவர் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்றதும் குடையை எங்களிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரவில்லை. வருடத்துக்கு ஒரு கடிதம் வந்தது. கடல் உறைந்தது, ஆடு வாங்கினேன், வேலி கட்டினேன்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம், தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருந்தபோது, அச்சடித்த தலைப்போடு ஒரு கடிதம் வந்தது. அவருடைய ஊரின் நகராட்சி அலுவலகத்திலிருந்து. மேற்படியார் காலமானார். அவருடைய ஆவணங்களில், கடைசியாக எடுத்த பாஸ்போர்ட் வரைக்கும், தகவல் தெரிவிக்க வேண்டியவராகத் தாங்களே குறிக்கப்பட்டிருக்கிறீர்கள். உறவு: வீட்டு உரிமையாளர். யாரோ ஒரு குமாஸ்தா, என்னைப் போல ஒருவர், விதியை மதித்து, கடல் தாண்டிக் கடிதம் போட்டிருந்தார். அவருக்கு என் தொழில்முறை வணக்கம்.

அம்மாவிடம் சொன்னேன்.

"எப்போ?"

"பதினெட்டு நாள் ஆயிட்ச்சு."

அம்மா எழுந்தாள். பின்பக்கம் போனாள். வெந்நீர் அடுப்பு இருந்த இடத்தில் அப்போது ஒரு குழாய் வந்திருந்தது. கட்டிய புடவையோடு உட்கார்ந்து, வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். சாவுச் சேதி கேட்டால் பங்காளி வீட்டுக்காரர் முழுகுகிற மாதிரி, மூன்று சொம்பு. வேலூருக்கு வடக்கே போகாத என் அம்மா, நார்வேயில் ஒரு சாவுக்குத் தலைமுழுகினாள். குழாயடியில் அவளைத் தாண்டி மலை தெரிந்தது. நானும் உட்கார்ந்து முழுகினேன்.

ஆகவே, உலகக் குடிமகன் ஆகிவிட்ட நண்பருக்கு: எனக்கு ஆட்சேபணை இல்லை. மனிதர்கள் அப்படித் தங்களை நினைத்துக்கொள்வது நல்லதுதான் என்றே நானும் நினைக்கிறேன். அம்மாவின் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பதில் வைத்திருங்கள். உங்களைப் பற்றிச் சேதி போனால் எத்தனை ஊரில் ஒருவராவது எழுந்து குழாயடிக்குப் போவார் என்று எண்ணிப் பாருங்கள். சொந்த மண் நண்பரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

அன்று குழாயடியிலிருந்து எழுந்து, ஈரத் தலையோடு அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். அரைநாள் தற்செயல் விடுப்புக்கு எழுதினேன். தற்செயல் விடுப்புக்குக் காரணம் எழுத வேண்டிய அவசியம் இல்லை, விதி எனக்குத் தெரியும். இருந்தும் எழுதினேன்: வீட்டில் துக்கம்.

தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யாரும்மா?"

"மாடியில இருந்தவங்க, சார்."

"எந்த ஊர்ல?"

சொன்னேன். அவர் என் தலையைப் பார்த்தார், தோளில் சொட்டியிருந்த ஈரத்தைப் பார்த்தார். சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.